ஓசூரின் வெண்கலம்: நித்யஸ்ரீ சிவனை ஆட்டக்காரராக எடைபோடுதல்

2024 செப்டம்பர் 2 அன்று பாரிஸின் போர்ட் தெ லா ஷாபெல் அரங்கில், ஓசூரைச் சேர்ந்த 19 வயது நித்யஸ்ரீ சுமதி சிவன் பாராலிம்பிக் வெண்கலம் வென்றார். இந்தோனேசியாவின் ரினா மர்லினாவை 21-14, 21-6 என்று 23 நிமிடங்களில் வீழ்த்தினார். அந்த மாதமே தமிழ்நாடு அரசு அவருக்கு 1 கோடி ரூபாய் ஊக்கத்தொகை வழங்கியது. 2025 ஜனவரியில் குடியரசுத் தலைவர் கையால் அர்ஜுனா விருது பெற்றார். பாராட்டுக்குக் குறைவில்லை. ஆனால் அந்தப் பாராட்டுகளில் அவருடைய உயரத்துக்குக் கிடைத்த இடம் அவருடைய ஆட்டத்துக்குக் கிடைக்கவில்லை. குள்ள உருவத்தோடு பிறந்த ஒரு பெண் சாதித்துவிட்டார் என்று சொல்லி முடித்துக்கொண்டோம். அவர் எப்படி ஆடினார், யாரிடம் ஏன் தோற்றார், யாரை எப்படி வென்றார், இனி என்ன மிச்சம் என்ற கேள்விகளைக் கேட்கவே இல்லை.

ஒரு கிரிக்கெட் வீரரிடம் இந்தக் கேள்விகளைத் தயங்காமல் கேட்கிறோம். அவர் இடதுகை வேகப்பந்தில் தடுமாறுகிறார், சொந்த மண்ணில் மட்டும் ரன் குவிக்கிறார் என்று தேநீர்க் கடையில்கூட அலசுகிறோம். அந்த அலசல் ஒரு மரியாதை. ஒருவரை ஆட்டக்காரராக ஏற்றுக்கொண்டோம் என்பதற்கு அதுவே அடையாளம். அந்த மரியாதையை நித்யஸ்ரீக்கும் தர வேண்டும் என்பதால் எழுதப்படுவது இந்தத் திறனாய்வு. பாரிஸ் வரையிலான அவருடைய பயணத்தை இது எடைபோடுகிறது. இரண்டு கணக்குகளைத் தனித்தனியே பார்க்கிறது: ஒன்று அவருடைய கணக்கு, மற்றொன்று அவரைத் தன் பிள்ளை என்று கொண்டாடிய ஊரின் கணக்கு. இரண்டும் ஒரே அளவில் தேறவில்லை.

களமும் வகையும்

பாரா பேட்மிண்டனில் ஆட்டக்காரர்கள் ஆறு வகைகளாகப் பிரிக்கப்படுகிறார்கள். சக்கர நாற்காலியில் ஆடுவோருக்கு இரண்டு வகைகள். காலில் குறைபாடு உள்ளோருக்கு எஸ்எல் 3, எஸ்எல் 4. கையில் குறைபாடு உள்ளோருக்கு எஸ்யு 5. குள்ள உருவம் கொண்டோருக்கு எஸ்எச் 6. பாரிஸில் வெள்ளி வென்ற காஞ்சிபுரம் துளசிமதி முருகேசனும், வெண்கலம் வென்ற திருவள்ளூர் மாவட்டத்து மனிஷா ராமதாஸும் ஆடியது எஸ்யு 5. நித்யஸ்ரீ ஆடுவது எஸ்எச் 6.

இந்த வகையின் கடுமை வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எளிதில் புரியாது. எஸ்எல் 3 ஒற்றையர் ஆட்டத்தில் களத்தின் அகலம் பாதியாகக் குறைக்கப்படுகிறது. எஸ்எச் 6 ஆட்டக்காரருக்கு அப்படிச் சலுகை எதுவும் இல்லை. சிந்துவும் சாய்னாவும் ஆடிய அதே முழுக் களம்: 13.4 மீட்டர் நீளம், ஒற்றையருக்கு 5.18 மீட்டர் அகலம். வலையும் அதே உயரம், நடுவில் 1.524 மீட்டர். அதாவது வலை ஆட்டக்காரரின் தலைக்கு மேல் நிற்கிறது.

இதனால் ஆட்டத்தின் கணக்கே மாறிவிடுகிறது. உயரமான ஆட்டக்காரர் மேலிருந்து செங்குத்தாக ஸ்மாஷ் அடித்துப் புள்ளியை முடிக்கலாம். எஸ்எச் 6 வகையில் ஷட்டிலைத் தொடும் புள்ளி தாழ்வாக இருப்பதால் ஸ்மாஷின் சரிவு குறைந்துவிடும். எதிராளிக்கு அதை எடுக்க நேரம் கிடைக்கும். ஒரே அடியில் முடிக்க முடியாததால், புள்ளியைக் கட்டித்தான் எழுப்ப வேண்டும். பின்கோட்டு மூலைக்கு ஒரு கிளியர், வலையோரம் ஒரு டிராப், மறு மூலைக்கு மீண்டும் ஒரு லிஃப்ட் என்று எதிராளியை இழுத்தடித்து இடம் திறக்க வேண்டும். அதே நேரம் தன் பக்கத்தின் 6.7 மீட்டர் ஆழத்தைக் குட்டையான எட்டுகளால் கடந்துகொண்டே இருக்க வேண்டும். கால் ஒரு நொடி தாமதித்தால் பின்மூலை திறந்துவிடும். ஆகவே இந்த வகையில் வெல்பவரிடம் முதலில் பார்க்க வேண்டியது கால் அசைவு, அடுத்தது இடத்தேர்வு, மூன்றாவது பொறுமை. தோள் வலிமை அதற்குப் பின்னால்தான் வரும்.

எதை வைத்து அளப்பது?

உடலின் அளவைப் பற்றி ஒரு தெளிவு வேண்டும். அதற்கு முற்றிலும் வேறான ஒரு விளையாட்டிலிருந்து ஒருவரை அழைத்து வருகிறேன். அயர்லாந்தின் லிமெரிக் நகரைச் சேர்ந்தவர் பால் ஓ'கானெல். ரக்பி யூனியன் ஆட்டக்காரர். பக்கத்துக்குப் பதினைந்து பேர் முட்டி மோதும் அந்த ஆட்டத்தில் அவர் லாக் எனப்படும் இடத்தில் ஆடியவர். பந்து எல்லைக்கோட்டைத் தாண்டிப் போய்த் திரும்ப எறியப்படும்போது, சக வீரர்கள் தூக்கிப் பிடிக்க, வானில் எழும்பி அதைக் கைப்பற்றுவது லாக்கின் பணி. ஏறத்தாழ ஆறரை அடி உயரம் அவருக்கு. அந்த உயரம் இல்லாமல் அந்த இடத்தில் அவர் ஆடியிருக்க முடியாது.

ஆனால் அயர்லாந்தில் அவரை எடைபோடும் எவரும் உயரமாகப் பிறந்ததற்காக அவரைப் பாராட்டுவதில்லை. 2001 முதல் 2015 வரை மன்ஸ்டர் அணிக்கு ஆடியதையும், 2006, 2008 ஆண்டுகளில் ஐரோப்பியக் கோப்பை வென்ற அணிகளில் இருந்ததையும் சொல்கிறார்கள். 2009-ல் அயர்லாந்தின் கிராண்ட் ஸ்லாம் வெற்றியையும், அதே ஆண்டு பிரிட்டிஷ் அண்ட் ஐரிஷ் லயன்ஸ் அணிக்குத் தலைமை தாங்கித் தென்னாப்பிரிக்காவில் தொடரை இழந்ததையும் சேர்த்தே சொல்கிறார்கள். நாட்டுக்காக 108 ஆட்டங்கள் ஆடியும் உலகக் கோப்பையில் காலிறுதியைத் தாண்டிய அணியில் அவர் இருந்ததில்லை என்பதையும் மறைப்பதில்லை. எல்லாவற்றையும் தராசில் வைத்த பிறகே பெரிய ஆட்டக்காரர் என்ற முடிவுக்கு வருகிறார்கள். அதனால்தான் அந்த முடிவுக்கு மதிப்பு இருக்கிறது.

ஓ'கானெலின் உயரம் அவர் எந்த இடத்தில் ஆடுவார் என்பதைத் தீர்மானித்தது. நித்யஸ்ரீயின் உயரம் அவர் எந்த வகையில் ஆடுவார் என்பதைத் தீர்மானித்தது. இருவருக்கும் உடலின் வேலை அத்தோடு முடிந்தது. அதற்கு மேல் நடந்ததெல்லாம் ஆட்டம். அதைத்தான் அளக்க வேண்டும்.

என் அளவுகோல்கள் நான்கு. யாரை எதிர்கொண்டார் என்பது முதலாவது. அழுத்தமான கட்டத்தில் என்ன செய்தார் என்பது இரண்டாவது. தோல்வியிலிருந்து என்ன கற்றார் என்பது மூன்றாவது. உச்சத்தில் இருப்பவர்களோடு இன்னும் எவ்வளவு இடைவெளி என்பது நான்காவது.

பாரிஸுக்கு முந்தைய வெண்கலங்கள்

அப்பாவும் அண்ணனும் கிரிக்கெட்டில் மூழ்கிய வீடு. சிறுமியாக நித்யஸ்ரீக்கும் முதல் ஈர்ப்பு கிரிக்கெட்தான். 2016 ரியோ ஒலிம்பிக்கைப் பார்த்த பிறகு பேட்மிண்டன் பக்கம் திரும்பினார். சீனத்து ஜாம்பவான் லின் டான் அவருக்குப் பிடித்த ஆட்டக்காரர். பயிற்சி ஓசூரில் தொடங்கியது. பிறகு பாரா பேட்மிண்டனின் தேசியப் பயிற்சியாளர் கௌரவ் கன்னாவிடம் லக்னோவில் தொடர்ந்தது. 2021 டிசம்பரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் பாரா விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்றபோது அவருக்கு வயது 16.

அடுத்து வந்தவை வெண்கலங்கள். 2023 அக்டோபரில் ஹாங்சோவில் நடந்த ஆசிய பாரா விளையாட்டுப் போட்டியில் ஒற்றையரில் வெண்கலம், ரச்சனா படேலுடன் மகளிர் இரட்டையரில் வெண்கலம், சிவராஜன் சோலைமலையுடன் கலப்பு இரட்டையரில் வெண்கலம். உலக வாகையர் போட்டியிலும் வெண்கலம்.

இவற்றை மதிப்பிடும்போது ஒரு விதியை மறந்துவிடக் கூடாது. உலக வாகையர் போட்டியிலும் ஆசிய அளவிலான போட்டிகளிலும் பேட்மிண்டனில் அரையிறுதியில் தோற்கும் இருவருக்குமே வெண்கலம் தரப்படுவது வழக்கம். மூன்றாம் இடத்துக்கு என்று தனி ஆட்டம் கிடையாது. அதாவது அந்த வெண்கலத்தைக் கழுத்தில் அணிபவர் கடைசியாக ஆடிய ஆட்டத்தில் தோற்றவர். இதனால் அந்தப் பதக்கம் மலிந்துவிடாது. உலகின் முதல் நால்வரில் ஒருவர் என்பதை அது உறுதிப்படுத்துகிறது. ஆனால் அந்த நால்வரில் எந்த இடம் என்ற கேள்விக்கு அதில் பதில் இல்லை.

அந்த நால்வருக்குள் நித்யஸ்ரீயின் நிலை வலுவாக இருக்கவில்லை. மேலே சீன ஆட்டக்காரர்கள் இருந்தார்கள். பக்கத்தில் ரினா மர்லினா இருந்தார். ரினாவுடன் அதற்கு முன் ஒன்பது, பத்து முறை மோதியிருப்பதாகவும் ஒருமுறைகூட வென்றதில்லை என்றும் பாரிஸ் ஆட்டத்துக்குப் பிறகு நித்யஸ்ரீயே செய்தியாளர்களிடம் சொன்னார். அதைவிட முக்கியமான ஒன்றையும் சேர்த்துச் சொன்னார்: முன்னிலையில் இருந்தும் அவரிடம் தோற்றதுண்டு.

ஒரு திறனாய்வாளருக்கு இதைவிடத் தெளிவான குறிப்பு கிடைக்காது. தொடர்ந்து பின்தங்கியே தோற்பவருக்குத் திறன் போதவில்லை என்று பொருள் கொள்ளலாம். முன்னிலை பெற்றுத் தோற்பவருக்குத் திறன் இருக்கிறது, முடிக்கும் பழக்கம் இல்லை. 16, 17 புள்ளிகளை எட்டியதும் கை இறுகுவது, வெற்றி நெருங்கிவிட்டது என்று மனம் தளர்வது, எதிராளி தன் ஆட்டத்தை மாற்றும்போது தானும் மாற்றாமல் இருப்பது ஆகிய மூன்றில் ஏதோ ஒன்று அங்கே வேலை செய்திருக்கும். பாரிஸ் வரையிலான நித்யஸ்ரீ இதனால்தான் பெரிய போட்டிகளில் அரையிறுதி வரை வரும் ஆட்டக்காரராக இருந்தார்.

பாரிஸ்: ஒரு நாளில் இரண்டு ஆட்டங்கள்

2020 டோக்கியோ பாராலிம்பிக்கில்தான் பேட்மிண்டன் முதன்முதலாகச் சேர்க்கப்பட்டது. அங்கே எஸ்எச் 6 வகையில் ஆண்கள் ஒற்றையர் மட்டுமே இருந்தது. அதில் தங்கம் வென்றவர் ராஜஸ்தானின் கிருஷ்ணா நாகர். எஸ்எச் 6 பெண்களுக்கு டோக்கியோவில் வாசலே திறக்கவில்லை. பாரிஸில்தான் மகளிர் ஒற்றையரும் கலப்பு இரட்டையரும் சேர்ந்தன. எனவே பாரிஸ் மேடையில் ஏறிய லி ஃபெங்மெய், லின் ஷுவாங்பாவ், நித்யஸ்ரீ ஆகிய மூவரும் அந்தப் பிரிவின் வரலாற்றில் முதல் பாராலிம்பிக் பதக்கக்காரர்கள்.

அரையிறுதியில் நித்யஸ்ரீ சந்தித்தது லின் ஷுவாங்பாவை. 13-21, 19-21 என்று தோற்றார். முதல் கேமில் எட்டுப் புள்ளி இடைவெளி. இரண்டாவதில் இரண்டே புள்ளி. எதிராளியின் வேகத்தைப் படித்து, நடுவில் தன் ஆட்டத்தைத் திருத்திக்கொள்ளும் ஆற்றல் அவரிடம் இருக்கிறது என்று இந்த எண்கள் காட்டுகின்றன. அந்தத் திருத்தம் முதல் கேமிலேயே நடக்கவில்லை என்பதையும், 19-க்குப் பிறகான இரண்டு புள்ளிகள் கிடைக்கவில்லை என்பதையும் அதே எண்கள் காட்டுகின்றன. பழைய குறை அங்கேயும் எட்டிப்பார்த்தது.

கலப்பு இரட்டையரிலும் அரையிறுதியில் அமெரிக்காவின் மைல்ஸ் கிராயெவ்ஸ்கி, ஜேசி சைமன் இணையிடம் தோல்வி. ஆக, பாரிஸில் அவருக்கு மிஞ்சியது இரண்டு வெண்கல ஆட்டங்கள். பாராலிம்பிக்கில் அரையிறுதியில் தோற்ற இருவருக்கும் பதக்கம் என்ற வழக்கம் இல்லை. மூன்றாம் இடத்தை ஆடித்தான் பெற வேண்டும். இரண்டு ஆட்டங்களும் செப்டம்பர் 2 அன்று. இரண்டிலும் வலைக்கு அந்தப் பக்கம் ரினா மர்லினா.

முதலில் கலப்பு இரட்டையர். ரினாவும் அவருடைய இணையான சுபானும் 21-17, 21-12 என்று வென்று வெண்கலத்தை எடுத்துக்கொண்டார்கள். இரண்டாவது கேமில் நித்யஸ்ரீ, சிவராஜன் இணை வேகமாகவே சரிந்தது. இப்போது நித்யஸ்ரீயின் நிலையை எண்ணிப் பார்க்க வேண்டும். ஆண்டுக்கணக்காக வெல்லவே முடியாத எதிராளி. அதே நாளில் அவரிடம் இன்னொரு தோல்வி. கால்களில் ஓர் ஆட்டத்தின் களைப்பு. மிச்சம் இருப்பது ஒரே ஆட்டம், அதுவும் அதே எதிராளியோடு. இதில் தோற்றால் பாரிஸிலிருந்து வெறுங்கை.

அந்த ஆட்டத்தில் நடந்தது 21-14, 21-6. மொத்தம் 42 புள்ளிகளுக்கு 20. ஒன்பது, பத்து முறை மோதியும் அசைக்க முடியாத ஒருவரை, இரண்டில் ஒரு பங்குப் புள்ளிகூட எடுக்க விடாமல் அடக்குவது தற்செயலாக நடக்கக் கூடியதல்ல. இரண்டு கேம்களின் போக்கு இன்னும் அழுத்தமான சான்று. முன்னிலை பெற்றதும் தளர்வதுதான் அவருடைய பழைய நோய் என்றால், முதல் கேமை வென்ற பிறகு இரண்டாவதில் தளர்வு தெரிந்திருக்க வேண்டும். ஆறு புள்ளிகளோடு எதிராளியை நிறுத்தியது அதற்கு நேர்மாறு. முன்னிலையில் இருந்தபோது கவனத்தைத் தளரவிடாதே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்ததாக அவர் பிறகு சொன்னார். தன் குறையைத் தானே கண்டறிந்து, அதைத் திருத்தும் வழியையும் அறிந்து, வாழ்நாளின் மிகப் பெரிய ஆட்டத்தில் அதைச் செயல்படுத்தினார். மூன்றாவது அளவுகோலில், தோல்வியிலிருந்து கற்பதில், இந்த ஓர் ஆட்டத்துக்கு முழு மதிப்பெண் தருகிறேன்.

முந்தைய வெண்கலங்களிலிருந்து இது வேறுபடுவதும் இங்கேதான். ஹாங்சோவில் தோற்று முடித்துப் பதக்கம் பெற்றார். பாரிஸில் வென்று முடித்துப் பெற்றார்.

எழக்கூடிய மறுப்புகள்

இந்த மதிப்பீட்டுக்கு எதிராக மூன்று வாதங்கள் எழலாம். மூன்றும் பதிலுக்குரியவை.

முதலாவது, இந்த வகையில் ஆடும் பெண்கள் உலக அளவிலேயே குறைவு, ஆகவே பதக்கம் எளிது என்பது. களம் சிறியது என்பது உண்மை. பொதுப் பிரிவில் நூற்றுக்கணக்கானோரைத் தாண்டி வருவதோடு இதை ஒப்பிட முடியாது. தரவரிசை எண்களை இங்கே அளவுக்கு மீறி நம்பக் கூடாது என்பதும் சரி. ஆனால் சிறிய களத்துக்கு வேறொரு கடுமை உண்டு. அதே நான்கைந்து பேரைத்தான் ஆண்டு முழுவதும் சந்திக்க வேண்டும். ஒளித்துவைக்க எதுவும் இல்லை. உங்கள் டிராப் எந்தக் கோணத்தில் வரும், களைத்தால் எந்தக் கால் தாமதிக்கும் என்பது எதிராளிக்கு மனப்பாடம். அப்படிப்பட்ட களத்தில் நிலைத்துவிட்ட ஒரு தோல்வி வரிசையை உடைப்பது பெரிய களத்தில் அறியாத எதிராளியை வெல்வதைவிடக் கடினம். ஆகவே இந்த வாதம் பதக்கத்தின் எடையைக் கொஞ்சம் குறைக்கிறது, அந்த வெற்றியின் எடையைக் குறைக்கவில்லை.

இரண்டாவது, ஓர் ஆட்டத்தை வைத்து ஒருவரைப் பெரிய ஆட்டக்காரர் என்று சொல்லிவிட முடியுமா என்பது. முடியாது. இந்த வாதத்தை முழுமையாக ஏற்கிறேன். பாரிஸ் ஆட்டம் ஒரு திருப்பமா, ஒரு நல்ல நாளா என்பதை அடுத்தடுத்த ஆட்டங்கள்தான் சொல்ல வேண்டும். ஓ'கானெலை எடைபோடுபவர்கள் கையில் பதினான்கு ஆண்டுகளின் சான்று இருந்தது. நித்யஸ்ரீயை எடைபோடும் நமக்கு அதில் பாதிகூட இல்லை.

மூன்றாவது வாதம் நுட்பமானது. ஒற்றையர், மகளிர் இரட்டையர், கலப்பு இரட்டையர் என்று மூன்றிலும் ஆடுவது அவருடைய ஒற்றையர் ஆட்டத்தைத் தின்கிறதா? ஹாங்சோவில் மூன்று பதக்கங்கள் கிடைத்தன என்பது இரட்டையருக்கு ஆதரவான சான்று. பாரிஸில் ஒரே நாளில் இரண்டு வெண்கல ஆட்டங்கள் என்ற சுமை எதிரான சான்று. ஒற்றையரிலேயே சீனாவை எட்டும் தொலைவில் இருக்கும் ஒருவர், பெரிய போட்டிகளில் உழைப்பை அங்கே குவிக்க வேண்டும் என்பது என் கருத்து. அதே சமயம் கலப்பு இரட்டையரில் ரினாவின் ஆட்டத்தை அன்றைய நாளிலேயே ஒருமுறை அருகிலிருந்து படித்தது பிற்பாடு உதவியிருக்கலாம். இதில் கடைசி முடிவு பயிற்சியாளருக்கும் அவருக்கும் உரியது.

எஞ்சியிருக்கும் சுவர்

நான்காவது அளவுகோலில் இரக்கம் காட்டினால் அவருக்கே தீங்கு. பாரிஸில் எஸ்எச் 6 மகளிர் ஒற்றையரின் தங்கமும் வெள்ளியும் சீனாவுக்கு. கலப்பு இரட்டையர் தங்கமும் சீனாவுக்கு. வெள்ளி வென்ற லின் ஷுவாங்பாவிடமே நித்யஸ்ரீ நேர் கேம்களில் தோற்றார். அந்த லின்னை இறுதியில் வீழ்த்தியவர் லி ஃபெங்மெய். அதாவது தங்கத்துக்கும் நித்யஸ்ரீக்கும் இடையில் ஒன்றுக்குப் பதில் இரண்டு படிகள் இருக்கின்றன.

அந்த இரண்டு படிகளைச் சீனா கட்டிய முறையைப் பார்க்க வேண்டும். ஒரே வகையைச் சேர்ந்த தரமான இருவர் ஒரே அணியில் இருந்தால், தினசரிப் பயிற்சியே உலக இறுதி ஆட்டத்தின் தரத்தில் நடக்கும். எஸ்எச் 6 ஆட்டக்காரர் பொது ஆட்டக்காரர்களோடு எவ்வளவு பயிற்சி செய்தாலும், அங்கே வரும் ஷட்டிலின் கோணமும் வேகமும் வேறு. தன் வகையிலேயே தன்னைத் தோற்கடிக்கக்கூடிய ஒருவர் பயிற்சிக் களத்தில் எதிரே நிற்க வேண்டும். நித்யஸ்ரீ ஓசூரை விட்டு லக்னோ போனதற்கான ஆட்ட ரீதியான காரணம் அதுதான்: நாட்டின் பாரா ஆட்டக்காரர்கள் கூடும் இடம் அது. 19-21 என்று முடிந்த அந்த இரண்டாவது கேமின் கடைசி இரண்டு புள்ளிகள் பயிற்சிக் கூடத்தில் எதிரே நிற்பவரின் தரத்தில்தான் கிடைக்கும்.

ஊரின் கணக்கு

இப்போது ஓசூர். 1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது முதல் இந்த ஊர் வேறு ஊராகிவிட்டது. அசோக் லேலண்டு லாரிகளும் டிவிஎஸ் வண்டிகளும் டைட்டன் கடிகாரங்களும் இங்கிருந்து நாடெங்கும் போயின. கிருஷ்ணகிரி 2004 பிப்ரவரியில் தருமபுரியிலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. நித்யஸ்ரீ பிறந்தது 2005 ஜனவரியில். மாவட்டமும் அவரும் ஏறத்தாழ ஒரே வயது. அவர் வளர்ந்த ஆண்டுகளில் போச்சம்பள்ளிப் பக்கம் மின்சார ஸ்கூட்டர் ஆலை வந்தது. தேன்கனிக்கோட்டைப் பக்கம் செல்பேசிப் பாகங்கள் செய்யும் ஆலை வந்தது. 2019-ல் ஓசூர் மாநகராட்சியானது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் புழங்கும் ஊரில் மூன்று ஷிப்டுகளும் ஓடிக்கொண்டிருக்கின்றன.

விளையாட்டைப் பொறுத்தவரை கர்நாடக எல்லையில் இருக்கும் இந்த ஊருக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. பெங்களூரு 40 கிலோமீட்டர். சென்னை 300 கிலோமீட்டருக்கும் மேல். பிரகாஷ் படுகோன் 1994-ல் தொடங்கிய அகாதமி இருப்பது பெங்களூரில். ஆனால் ஜூஜூவாடி தாண்டி அத்திப்பள்ளி வந்துவிட்டால் மாநிலம் வேறு, சங்கம் வேறு, தேர்வு ஆட்டங்கள் வேறு. ஓசூர்ப் பிள்ளைக்கு அருகிலுள்ள நல்ல களம் ஒரு மாநிலத்தில், அவருடைய பெயர் பதிவாகும் பட்டியல் இன்னொரு மாநிலத்தில். பயணமும் செலவும் பெற்றோரின் தலையில். திறமையால் மட்டும் தாண்ட முடியாத தொலைவு இது. நித்யஸ்ரீயின் வெற்றியில் இந்தத் தொலைவைத் தாண்டிய குடும்பத்தின் பங்கு பெரியது.

இந்த இடத்தில் லிமெரிக்கைத் திரும்பவும் பார்க்கலாம். அதுவும் தொழில் நம்பிய ஊர்தான். மக்கள்தொகை ஒரு லட்சம் அளவே. ஓசூரைவிடச் சிறியது. 2009-ல் டெல் நிறுவனம் அங்கிருந்த தன் உற்பத்தியைப் போலந்துக்கு மாற்றியபோது 1,900 வேலைகள் போயின. அந்த அடியிலும் ரக்பி அங்கே நிற்கவில்லை. உழைக்கும் மக்களின் தெருக்களிலிருந்து எழுந்த சங்கங்கள், உள்ளூர்ப் பள்ளிகள், அவற்றின் உச்சியில் மன்ஸ்டர் அணி, அது ஆடும் தாமண்ட் பார்க் மைதானம் என்று ஒரு படிக்கட்டு அங்கே இருக்கிறது. 1978 அக்டோபர் 31 அன்று நியூசிலாந்தின் ஆல் பிளாக்ஸ் அணியை மன்ஸ்டர் 12-0 என்று தோற்கடித்தது அந்த மைதானத்தில்தான். அயர்லாந்து ரக்பி அமைப்பு தன் முக்கிய வீரர்களுக்கு நேரடி ஒப்பந்தம் தந்து, நான்கு மாகாண அணிகளில் அவர்களைச் சொந்த மண்ணிலேயே வைத்துக்கொள்கிறது. ஓ'கானெல் உலகத் தரத்துக்கு உயர வேறு ஊர் தேட வேண்டியிருக்கவில்லை.

செல்வம் மிகுந்த தொழில்முறை ஆட்டமான ரக்பியைப் பாரா பேட்மிண்டனோடு பணத்தில் ஒப்பிடுவது நியாயமாகாது. நான் ஒப்பிடுவது படிக்கட்டை. ஓசூரில் முதல் படி இருந்தது என்பதற்கு நித்யஸ்ரீயே சான்று. அடுத்த படிகளுக்கு அவர் வட இந்தியா வரை போக வேண்டியிருந்தது. தேசிய முகாம் ஒரே இடத்தில்தான் இருக்க முடியும் என்பது உண்மைதான். முதல் படிக்கும் தேசிய முகாமுக்கும் இடையில் எத்தனை படிகள் இருக்கின்றன என்பதே கேள்வி. பாரா ஆட்டக்காரரைச் சிறு வயதிலேயே அடையாளம் காணும் பள்ளி, வகைப்படுத்தலுக்கு வழிகாட்டும் ஆள், மாற்றுத்திறனாளிகள் எளிதில் வந்து போகக்கூடிய உள்ளரங்கம், ஊதியம் பெறும் பயிற்சியாளர் ஆகியவைதான் அந்தப் படிகள்.

வழி இல்லை என்று சொல்ல முடியாது. 2013-ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டம், குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் தம் சராசரி நிகர லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும் என்கிறது. எவற்றுக்குச் செலவிடலாம் என்று அந்தச் சட்டத்தின் ஏழாம் அட்டவணை சொல்லும் பட்டியலில் பாராலிம்பிக் விளையாட்டுகளுக்கான பயிற்சி பெயர் சொல்லியே இடம்பெற்றிருக்கிறது. இத்தனை ஆலைகள் ஒரே வட்டாரத்தில் குவிந்திருக்கும் மாவட்டத்துக்கு இதைவிட நேரடியான வழி வேண்டியதில்லை. பதக்கம் வந்த பிறகு வைக்கும் பேனருக்கும், பதக்கத்துக்கு முன் தரும் ஷட்டிலுக்கும் செலவு ஏறத்தாழ ஒன்றுதான். ஒரு சிறுமியின் பயணத்தை மாற்றக்கூடியது இரண்டாவது.

தீர்ப்பு

நித்யஸ்ரீ சிவன் தன் வகையில் உலகின் முதல் வரிசை ஆட்டக்காரர். அழுத்தமான கட்டத்தில் உடையாதவர் என்பதைப் பாரிஸின் அந்த ஒரு நாள் நிறுவியது. தன் குறையைத் தானே அறிந்து திருத்தும் அறிவு அவரிடம் உண்டு. அந்த அறிவுதான் அவருடைய மிகப் பெரிய சொத்து என்று கருதுகிறேன். அவருடைய பாராலிம்பிக் வெண்கலத்தைப் பரிவின் பெயரால் உயர்த்தவும் வேண்டாம், களம் சிறிதென்று தாழ்த்தவும் வேண்டாம். ஆடிப் பெற்ற பதக்கம் அது.

மாபெரும் ஆட்டக்காரர் என்ற சொல்லை அவருக்கு இப்போது தர மாட்டேன். அதற்கு இரண்டு சான்றுகள் வேண்டும். பெரிய போட்டி ஒன்றில் சீனாவின் முதல்நிலை ஆட்டக்காரரை ஒற்றையரில் வெல்ல வேண்டும். உலக அல்லது ஆசியப் போட்டியின் இறுதி ஆட்டத்தை எட்ட வேண்டும். 2026 ஐச்சி-நகோயா ஆசிய பாரா விளையாட்டும், அவர் 23 வயதில் சந்திக்கவிருக்கும் 2028 லாஸ் ஏஞ்சலஸ் பாராலிம்பிக்கும் அதற்கான களங்கள். லின் ஷுவாங்பாவுக்கு எதிரான அந்த 19-21 அவர் எட்டாத தொலைவில் இல்லை என்று சொல்கிறது. இந்த இரண்டும் நடந்தால் இந்தத் தீர்ப்பைத் திருத்தி எழுத வேண்டும், மகிழ்ச்சியோடு.

ஊரைப் பற்றிய தீர்ப்பு இவ்வளவு சாதகமாக இல்லை. ஓசூர் அவரைப் பெற்றது, தொடக்கம் தந்தது, பெருமை கொண்டது. அவரை உலக மேடைக்குத் தயார் செய்தது வேறிடம். எங்கள் ஊர் வெண்கலம் என்று சொல்லும் முழு உரிமை, அடுத்த எஸ்எச் 6 சிறுமியோ, சக்கர நாற்காலியில் ஆடும் சிறுவனோ ஓசூரிலிருந்தே தேசியத் தரத்துக்கு உயரும் நாளில்தான் இந்த ஊருக்குக் கிடைக்கும். ஆட்டக்காரர் தன் பங்கைச் செய்துவிட்டார். சிப்காட்டும் மாநகராட்சியும் மாவட்ட நிர்வாகமும் தங்கள் பங்கைச் செய்ய வேண்டும்.